தினசரி வேதவாசிப்பும் ஜெபமும்: தொடங்குவது முதல் நிலைப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு (முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற வகுப்பு) எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. முதல் நற்கருணை எடுத்த கையோடு பிள்ளைகள் எல்லோரும் "இனி தினமும் பைபிள் வாசிப்பேன், ஜெபிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். பெரியவர்களும் இதே கதைதான், அவர்கள் தரையைப் பார்க்காமல் "வேலை ஜாஸ்தி" என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நானும் கல்லூரி நாட்களில் குறைந்தது நான்கு ஜனவரி மாதங்களில் புதிதாகத் தொடங்கி நான்கு பிப்ரவரி மாதங்களில் விட்டவன்.

விடுகிற இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதைக் கவனித்த பிறகுதான் இதை வரிசைப்படுத்தி எழுதத் தோன்றியது. பெரும்பாலும் பக்தி குறைந்ததனால் யாரும் விடுவதில்லை. செய்கிற வரிசை தப்பாக இருக்கிறது, அளவு அதிகமாக இருக்கிறது.

வரிசையில் முதலாவது இது: முதலில் வேதம், பிறகு ஜெபம். நம்மில் பலர் எழுந்ததும் கண்ணை மூடி நமக்கு வேண்டியதைக் கடகடவென்று சொல்லிவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்போம். அப்படிச் செய்தால் ஜெபம் நம்முடைய தேவைப் பட்டியலாகவே நின்றுவிடும், ஒரு மாதத்தில் நமக்கே அலுத்துவிடும். வாசித்துவிட்டு ஜெபித்தால் கடவுள் சொன்னதற்கு நாம் பதில் சொல்கிறோம். பேச விஷயம் தினமும் புதிதாகக் கிடைக்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

அச்சிட்ட பைபிள் ஒன்று, கண் கூசாமல் வாசிக்கிற எழுத்தளவில். கல்யாணத்துக்கு வந்த ஜிப் வைத்த பொடி எழுத்துப் பைபிளைத்தான் பலர் வைத்திருக்கிறார்கள். ஆலயத்துக்கு எடுத்துப்போக அது அழகு, காலை ஐந்தரை மணி வெளிச்சத்தில் பத்து வசனம் தாண்டாது. நாற்பது வயதுக்கு மேல் என்றால் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

போனில் வாசிக்கலாமா என்று எல்லா வகுப்பிலும் கேட்பார்கள். வாசிக்கலாம், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில். ஆனால் காலை வாசிப்புக்கு வேண்டாம். போனை எடுத்ததும் இரவு வந்த பதினேழு செய்திகள் தெரியும், மாற்கு எழுதினது அப்புறம்தான் தெரியும்.

ஒரு சாதாரண நோட்டு, ஒரு பேனா. நோட்டு விலை உயர்ந்ததாக வேண்டாம், உயர்ந்த நோட்டில் தப்பாக எழுதிவிடுவோமோ என்று பயந்து எழுதாமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு அலாரம் கடிகாரம், போனைப் படுக்கை பக்கத்தில் வைக்காமல் இருக்க.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆலயத்தில் நாம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-ஐச் சேர்ந்தது. காதுக்குப் பழகியது, மனப்பாடத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதில் பல சொற்களுக்கு இன்றைக்கு அர்த்தம் மாறிவிட்டது. "கர்த்தருடைய கற்பனை தூய்மையும்" என்று 19-ம் சங்கீதத்தில் வாசித்த ஒரு பையன், கடவுளுக்கு நல்ல கற்பனைவளம் என்று புரிந்துகொண்டான். அங்கே கற்பனை என்றால் கட்டளை. மத்தேயு 6-ல் வருகிற "மாயக்காரர்" மந்திரவாதிகள் இல்லை, வெளிவேஷக்காரர்கள். சிட்சை என்றால் கண்டித்துத் திருத்துவது. அதனால் பக்கத்தில் எளிய நடை மொழிபெயர்ப்பு ஒன்றையோ 1995-ல் வந்த திருவிவிலியத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். புரியாத வசனத்தை இரண்டிலும் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

2. முந்தின இரவே முடிக்கவேண்டியது

காலையில் எழுந்து "எங்கே உட்காரலாம், என்ன வாசிக்கலாம்" என்று யோசிக்கத் தொடங்கினால் அன்றைக்குக் கதை முடிந்தது. தூக்கக் கலக்கத்தில் எடுக்கிற எந்த முடிவும் திரும்பப் படுப்பதில்தான் போய் முடியும். எனவே மூன்றையும் இரவே தீர்மானியுங்கள்: நேரம், இடம், பகுதி. வாசிக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து, பைபிளையும் நோட்டையும் உட்காருகிற இடத்திலேயே வைத்துவிட்டுப் படுங்கள்.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6:6 சொல்கிறது. இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் அறைவீட்டுக்கு எங்கே போவது? மொட்டைமாடிப் படி, சமையலறை ஓரம், நிறுத்தி வைத்த வண்டி, எதுவானாலும் சரி. மாற்கு 1:35-ல் இயேசுவே இருட்டோடே எழுந்து, தங்கியிருந்த வீட்டைவிட்டு வெளியே போய்த்தான் ஜெபம் பண்ணினார்; அந்த வீட்டு வாசலில் முந்தின மாலை ஊரே கூடியிருந்தது. கதவு இருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை, தினமும் ஒரே இடமாக இருக்கவேண்டும். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்ததும் மனசு தானாக அடங்கும்.

எத்தனை நேரம்? புதியவர்களுக்கு 20 நிமிடம் போதும். ஆரம்ப சூரத்தனத்தில் ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்கள் பத்தாம் நாள் காணாமல் போய்விடுகிறார்கள். 20 நிமிடத்தை நாற்பது நாள் விடாமல் செய்தவர் கூட்டிக்கொண்டே போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

காலைதானா? இரவுப் பணி செய்கிறவர்கள் பணி முடிந்து வந்து குளித்த பிறகு செய்யுங்கள். கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மாருக்கு நான் நேரமே சொல்வதில்லை, பிள்ளை தூங்குகிற நேரம்தான் அவர்களுடைய அதிகாலை. மற்றவர்களுக்குக் காலை நல்லது என்பதற்கு ஒரே காரணம், அந்த நேரத்தைத் தட்டிப் பறிக்க இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

3. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

அதிகம் பேர் விழுகிற குழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜனவரி 1 அன்று ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்கி ஒரே வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கத் திட்டமிடுவது நம் சபைகளில் வழக்கம். மொத்தம் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று நான்கு வாசிக்கவேண்டும். ஆதியாகமம் கதைபோல ஓடும். யாத்திராகமம் 20 வரைக்கும் ஓடும். 25-லிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் (வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தொழுத கூடாரம்) அளவுகள் வரும், பலகைகள், கொக்கிகள், திரைகள். அதையும் தாண்டினவர்களுக்குப் பிப்ரவரி முதல் வாரம் லேவியராகமத்தில் படகு தரைதட்டும். நான் நான்கு முறை விட்டேன் என்றேனே, நான்கும் அங்கேதான். அந்தப் பகுதிகள் வேண்டாதவை என்று சொல்லவில்லை, எபிரெயர் நிருபம் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தால் லேவியராகமம் வேறு புத்தகமாகத் தெரியும். புதியவருக்கு வாசல் அது இல்லை, அவ்வளவுதான்.

நான் கொடுக்கிற வரிசை இது. முதலில் மாற்கு சுவிசேஷம்: 16 அதிகாரம், நாளுக்குப் பதினைந்து வசனம் வீதம் ஏறக்குறைய ஒன்றரை மாதம். நான்கு சுவிசேஷங்களில் சிறியது, வேகமானது, இயேசு யார் என்ற கேள்வியை அது விடவே விடாது. அடுத்து பிலிப்பியர், நாலே அதிகாரம். அப்புறம் ஆதியாகமமும் யாத்திராகமம் முதல் 20 அதிகாரமும். அதன்பின் லூக்காவும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் சேர்த்து, ஏனென்றால் அது ஒரே ஆள் எழுதிய இரண்டு பாகம். இவற்றோடு பக்கத்தில் தினமும் ஒரு சங்கீதம், 150 சங்கீதம் ஐந்து மாதத்தில் முடியும். 119-ம் சங்கீதத்தை மட்டும் ஒரே நாளில் வாசிக்க முயலாதீர்கள், 176 வசனம். அது எட்டு எட்டு வசனமாக 22 பகுதியாகவே எழுதப்பட்டிருக்கிறது, 22 நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு முழு வேதாகமத்துக்குப் போகலாம். நாளுக்கு ஒரே அதிகாரம் என்றாலும் மூன்றேகால் வருடத்தில் முடிந்துவிடும். என்ன அவசரம்?

கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் பட்ட வசனத்தை அன்றைய வாக்காக எடுத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒருநாள் விரல் 1 நாளாகமத்தின் வம்ச அட்டவணையில் விழும், என்ன செய்வீர்கள்? பிடித்தமானது கிடைக்கிறவரை திரும்பத் திரும்பத் திறப்பீர்கள். அப்போது தேர்ந்தெடுப்பது நீங்கள்தானே.

4. உட்கார்ந்ததும் முதல் ஒரு நிமிடம்

நேராக வாசிப்பில் குதிக்காதீர்கள். "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" என்ற சங்கீதம் 119:18-ஐ மெதுவாக ஒருமுறை சொல்லுங்கள், அது போதும். விருப்பமிருந்தால் ஒரு கீர்த்தனையின் பல்லவியை முணுமுணுக்கலாம்.

இது எதற்கென்றால், பேப்பர் வாசிப்பதும் வேதம் வாசிப்பதும் கண்ணுக்கு ஒரே வேலைதான். உதவி கேட்டுவிட்டுத் திறந்தால் வேலை மாறுகிறது.

5. வாசிப்பு: குறைவாக, இரண்டு தரம்

ஒரு சம்பவமோ ஒரு சிறு பகுதியோ எடுங்கள், பத்துப் பதினைந்து வசனம். முதல் தடவை மனதுக்குள். இரண்டாம் தடவை வாய்விட்டு, மெல்லிய குரலில். வாய்விட்டு வாசிக்கும்போதுதான் கண் தாவிப்போன சொற்கள் காதில் விழும். பழக்கமான பகுதிகளுக்கு இது கட்டாயம், ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை என்றதும் மூளை "தெரியும் தெரியும்" என்று முன்னால் ஓடிவிடும்.

தெரியாத சொல்லுக்கு அங்கேயே நிற்காதீர்கள். கீழே கோடு போட்டுவிட்டு முடியும்வரை போங்கள், பெரும்பாலும் பின்னால் வருகிற வரியே அர்த்தம் சொல்லிவிடும்.

6. நோட்டில் மூன்று கேள்வி

வாசித்ததை உடனே மூடினால் ஒன்பது மணிக்கு மறந்துவிடும். அதனால் மூன்றே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி: இங்கே என்ன நடக்கிறது? இதில் கடவுள் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? இன்றைக்கு நான் என்ன செய்யவேண்டும்?

இந்த வரிசை முக்கியம். எல்லோரும் மூன்றாவது கேள்விக்குத் தாவுவார்கள், "இதில் எனக்கு என்ன?" என்று. முதல் கேள்வியைத் தாண்டிக் குதிப்பதால் வருகிற தவறுக்கு எரேமியா 29:11 நல்ல உதாரணம். நாம் வாழ்த்து அட்டைகளில் அச்சடிக்கிற வசனம், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: பாபிலோனில் 70 வருடம் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார். 5-ம் வசனத்தில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறார். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது, கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். இது தெரிந்தால் வசனத்தின் ஆறுதல் குறையவில்லை, இன்னும் கனமாகிறது. ஆனால் அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதச் சீட்டாக அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைக்கும் இதையே சொல்வேன்: எடுங்கள், வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

செய்து காட்டுகிறேன். மாற்கு 4:35 முதல் 41 வரை, ஏழே வசனம்.

என்ன நடக்கிறது? மாலையில் அக்கரைக்குப் புறப்படுகிறார்கள், சுழல்காற்று, படவு நிரம்புகிறது (படவு என்றால் படகு), இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எங்கள் வகுப்பில் கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன், அணியம் என்றால் படகின் முன்பக்கம், பின்னணியம் அதற்கு எதிர்ப்பக்கம், புயலில் அங்கே தூங்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்று எங்களுக்கு விளக்கினான். நான் அத்தனை வருடம் அந்தச் சொல்லைக் கவனித்ததே இல்லை.

கடவுள் எப்படிப்பட்டவர்? "இரையாதே, அமைதலாயிரு" என்று காற்றிடமும் கடலிடமும் பேசுகிறவர். சீஷர்களிடம் பேசினது அப்புறம்தான், முதலில் காற்றை அடக்கிவிட்டுத்தான் ஏன் விசுவாசம் இல்லாமற்போயிற்று என்று கேட்கிறார்.

நான் செய்யவேண்டியது? சீஷர்கள் கேட்டது மரியாதையான ஜெபம் இல்லை; நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையா என்று கோபமாகவே கேட்டார்கள். அதற்காக அவர் எழுந்திருக்காமல் இருக்கவில்லை. எனவே நானும் இன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன்.

மூன்றாவது கேள்விக்கான பதில் இன்று இரவுக்குள் செய்யக்கூடியதாக இருக்கட்டும். "இன்னும் அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் அடித்துவிட்டு, "அத்தைக்கு மத்தியானம் போன் பண்ணுவேன்" என்று எழுதுங்கள். யாக்கோபு 1:22 கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல செய்கிறவர்களாயும் இருங்கள் என்பது இந்த அளவில்தான் நடக்கும்.

7. வாசித்ததை ஜெபமாக்குவது

இப்போதுதான் கண்ணை மூடுகிறோம். எழுதின மூன்று பதில்களையே எடுத்துப் பேசத் தொடங்குங்கள். மேலே சொன்ன பகுதிக்கு என் ஜெபம் இப்படி இருந்தது: "ஆண்டவரே, புயலில் நீர் தூங்கிக்கொண்டிருந்தீர். என் விஷயத்திலும் நீர் தூங்குகிற மாதிரிதான் எனக்கு இருக்கிறது. ஆனால் நீர் அதே படகில்தான் இருந்தீர். எழுந்து பேசும்." நான்கு வரி. பேசத் தொடங்கிவிட்டால் மீதி தானாக வரும்.

வரிசை வேண்டும் என்றால் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தையே வரிசையாக வைத்துக்கொள்ளலாம். அதில் ஆகாரம் கேட்பது நான்காவதாகத்தான் வருகிறது. முதலில் அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம். அப்புறம் ஆகாரம், மன்னிப்பு, சோதனையிலிருந்து காப்பு. நம் ஜெபங்களோ ஆகாரத்தில் தொடங்கி ஆகாரத்தில் முடியும். பரமண்டல ஜெபத்தின் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, அன்றைக்கு வாசித்ததிலிருந்து ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பத்து நிமிடம் போவது தெரியாது.

பாவ அறிக்கையில் பொதுவாகப் பேசாதீர்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்பது ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்வதற்குச் சரி. தனியாக இருக்கும்போது நேற்று அலுவலகத்தில் சொன்ன பொய்யை அதன் பேரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். பேர் சொல்லாத பாவம் மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, ஜெப மொழி. இளைஞர்கள் பிரசங்கியார் குரலை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், வாக்கியத்துக்கு மூன்று "ஆண்டவரே", இடைவெளி வந்த இடமெல்லாம் "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்". மூச்சு வாங்க நேரம் வேண்டுமென்றால் சும்மா இருங்கள், அவர் காத்திருப்பார். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7 இருக்கிறதே. புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒரு அக்கா, "எனக்கு நீர், உம்முடைய என்றெல்லாம் பேச வராது, நீங்கன்னு சொல்லலாமா?" என்று தயங்கிக் கேட்டார். தாராளமாகச் சொல்லலாம். நீர் என்பது நம் சபை வழக்கம், அது வாயில் வராததால் யாருடைய ஜெபமும் கூரையில் முட்டி நிற்காது. 1 சாமுவேலில் பிள்ளை கேட்டு அழுத அன்னாள் உதடு மட்டும் அசையத்தான் ஜெபித்தாள், ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தான். கேட்கவேண்டியவர் கேட்டார்.

மனம் அலைந்தால்? அலையும். மின்சாரக் கட்டணம் ஞாபகத்துக்கு வந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "கரண்ட் பில்" என்று எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதிவிட்டால் மூளை அதை விட்டுவிடும். அலைகிற விஷயம் ஒரு ஆளைப் பற்றியதாக இருந்தால் அவருக்காகவே ஜெபித்துவிடுங்கள், அதுவே அன்றைய குறிப்பு.

8. ஜெபக்குறிப்பு நோட்டு

நம்மிடம் யாராவது "எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றால் "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். இதற்கு இரண்டு வழிதான் எனக்குத் தெரியும்: அந்த இடத்திலேயே இரண்டு வரி ஜெபித்துவிடுவது, அல்லது எழுதிக்கொள்வது.

நோட்டின் பின்பக்கத்தில் கிழமைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தினமும் ஐந்து பேர், அதற்கு மேல் வேண்டாம். வீட்டாருக்குத் தினமும், மற்றவர்களைக் கிழமை வாரியாக: உறவினர், வேலை இடம், சபையும் ஐயரும் (எங்கள் வழக்கில் சபைப் போதகர்), ஊரும் நாடும், நோயாளிகள், உங்களுக்குப் பிடிக்காதவர்கள். கடைசியாகச் சொன்ன பக்கத்தை விட்டுவிடாதீர்கள், நோட்டில் அதிகம் வேலை செய்கிற பக்கம் அதுதான்.

கேட்ட தேதியை எழுதுங்கள். நடந்தால் அந்தத் தேதியையும் எழுதுங்கள், ஏனென்றால் கிடைத்தபின் கேட்டதையே நாம் மறந்துவிடுவோம். "இல்லை" என்ற பதிலையும் மறைக்காமல் எழுதுங்கள். பவுல், மாம்சத்திலே ஒரு முள் என்று தான் சொன்ன உபாதை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". முள் போனதாக எழுதவில்லை. என் நோட்டிலும் அப்படிச் சில வரிகள் உண்டு, தகப்பனாரின் வியாதி அதில் ஒன்று. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: ஜெபக்குறிப்பு என்ற பேரில் ஊர்வம்பு நடக்கும். "அவங்க வீட்டுப் பொண்ணுக்காக ஜெபிக்கணும், விஷயம் தெரியுமா?" என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பிறர் ரகசியத்தை நோட்டில் முதல் எழுத்தோடு நிறுத்துங்கள், நோட்டு யார் கையிலும் கிடைக்கலாம்.

9. எழுந்த பிறகு: பகலுக்கு ஒரு வசனம்

வாசித்ததில் ஒரு வசனத்தைத் துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் போடுங்கள், அல்லது சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். இட்லி வேகிற நேரத்தில் நான்கு தரம் சொல்லலாம். வாரத்துக்கு ஒரு வசனம் மனப்பாடம் போதும், ஆனால் அதிகாரமும் வசன எண்ணும் சேர்த்து, முன்னாலும் பின்னாலும் சொல்லிப் பழகுங்கள், இல்லாவிட்டால் "எங்கேயோ இருக்கு" என்று தேட வேண்டியிருக்கும். காலையில் ஸ்டேட்டஸில் ஒரு வசனப் படம் போடுவது இதற்கு ஈடாகாது, அதைப் போட்டவருக்கே மத்தியானம் நினைவிருக்காது.

பகலில் நீண்ட ஜெபம் முடியாது, ஒரு வரி முடியும். பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரன் நெகேமியா ராஜாவுக்கு முன் நிற்கிறான், "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்கிறான், பதில் சொல்வதற்கு முன் இடைப்பட்ட அந்த ஒரு நொடியில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்று 2-ம் அதிகாரம் சொல்கிறது. மேலாளர் அறைக்குள் போகுமுன், போனில் கோபமாகப் பதில் தட்டுமுன், வண்டியை ஸ்டார்ட் பண்ணுமுன் இது நடக்கும். ஆனால் அதே நெகேமியா அதற்கு முன் கிஸ்லேயு மாதம் தொடங்கி நிசான் வரை நான்கு மாதம் அழுது ஜெபித்திருந்தான் என்பதை மறக்கவேண்டாம். காலையில் உட்காராதவருக்கு அவசர நேரத்தில் அந்த ஒரு வரி வாயில் வருவது கஷ்டம்.

10. குடும்ப ஜெபம்

தனி ஜெபம் ஒரு மாதம் நிலைத்த பிறகு இதைத் தொடங்குங்கள். முதலிலேயே இரண்டையும் தொடங்கினால் இரண்டும் போகும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன், 15 நிமிடம். ஒரு பாட்டு, ஆளுக்கு இரண்டு வசனம் வீதம் ஒரு சிறு பகுதி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், முடிவில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடும், பெரியவர்கள் டிவியில் இருப்பார்கள். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையைப் பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஒரே பாட்டைப் பத்து நாள் கேட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாக்களுக்கு: பிரசங்கம் வேண்டாம். அதைவிடப் பெரிய தவறு, ஜெபத்தின் வழியாகத் திட்டுவது. "ஆண்டவரே, இவன் போனை வைத்துவிட்டு ஒழுங்காகப் படிக்க நீர் உதவி செய்யும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது யாருக்குச் சொன்னது என்று பிள்ளைக்குத் தெரியும். அப்படி வளர்ந்த பிள்ளை ஜெபம் என்றாலே காதை மூடிக்கொள்ளும். திட்டவேண்டியதை ஜெபம் முடிந்த பிறகு நேராகத் திட்டுங்கள்.

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டுமே விசுவாசி என்றால் குடும்ப ஜெபம் என்று கூட்டாதீர்கள், சண்டைதான் வரும். உங்கள் 20 நிமிடத்தை மற்றவர்கள் எழுமுன் முடித்துவிட்டு, எழுந்து அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுங்கள்.

11. விட்டுப்போன நாட்களும் வறண்ட நாட்களும்

ஒரு வாரம் விட்டுவிட்டால் அந்த ஏழு பகுதியையும் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடன் என்று நினைத்தால் கடனே என்றுதான் வாசிப்பீர்கள். விட்ட நாளைத் தள்ளிவிட்டு இன்றைய பகுதியில் தொடங்குங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரமாகிய மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது, மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தது பூச்சிபிடித்து நாறியது. நேற்றையதுக்கும் அதே கணக்குதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேறொன்று, வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம், உள்ளே ஒன்றும் அசையவில்லை. இது எல்லோருக்கும் வரும், வாரக்கணக்கில் நிற்கும். முதலில் பார்க்கவேண்டியது தூக்கம். இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஆவிக்குரிய வறட்சி என்று பேர் வைக்க வேண்டியதில்லை. அடுத்து, மனதறிந்து செய்கிற தவறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் உங்கள் சொந்த வார்த்தைகளை நிறுத்திவிட்டுச் சங்கீதத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற 13-ம் சங்கீதம் ஆறே வசனம், பாட்டோடு முடியும். 88-ம் சங்கீதம் அப்படிக்கூட முடியாது, சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குச் சில நாட்களில் போதுமாயிருந்தது.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மாத்திரையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது.

12. ஒரு துணையாள், ஒரு கணக்குப் பார்ப்பு

தனியாகத் தொடங்கினவர்களைவிட இரண்டிரண்டு பேராகத் தொடங்கினவர்கள்தான் எங்கள் வகுப்பில் அதிகம் நிலைத்தார்கள். ஒரே பகுதியை வாசிக்கிற ஒருவரைப் பிடியுங்கள், ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். வாரம் ஒருமுறை பத்து நிமிடம், "இந்த வாரம் எந்த வசனம் உன்னை நிறுத்தியது?" என்ற ஒரே கேள்வி. "எத்தனை நாள் வாசித்தாய்?" என்று கேட்காதீர்கள், பொய் சொல்லவைக்கிற கேள்வி அது. புரியாத பகுதிகளைக் கோடிட்டு வைத்து மாதம் ஒருமுறை ஐயரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். பலர் நினைப்பதுபோல அவர்களுக்கு அது தொந்தரவில்லை, கல்யாணப் பத்திரிகையும் வழக்கும் தவிர வேறொன்றோடு ஒருவர் வந்து நிற்பதே அவர்களுக்கு அபூர்வம்.

மாற்கு முடிந்ததும், அதாவது ஒன்றரை மாதம் ஆனதும், நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். மூன்றாவது கேள்விக்கு எழுதினதில் செய்தவற்றுக்கு மட்டும் ஒரு டிக் போடுங்கள். டிக் குறைவாக இருந்தால் பகுதியைக் கூட்டாதீர்கள், பத்து வசனத்துக்குக் குறையுங்கள். அத்தைக்குப் போன் பண்ணினீர்களா என்று அப்போது பாருங்கள், பண்ணவில்லையென்றால் பிலிப்பியரைத் தொடங்குமுன் பண்ணிவிடுங்கள்.